ஆமையோடு ஏரியைச் சுற்றிய சட்டம்

மூன்று குன்றுகளுக்கு நடுவே ஓர் ஏரி இருந்தது. அந்த ஏரியில் மடுவாச்சி என்ற ஆமையும் கொடுக்கன் என்ற நண்டும் வாழ்ந்துவந்தன.

ஏரியின் கிழக்கே உயரமான மண்மேடு ஒன்று இருந்தது. தண்ணீரைத் தாங்கி நின்றது அந்த மேடுதான். மேட்டுக்கு அப்பால் ஒரு பள்ளம். அங்கே புல் செழித்து வளரும். முயல்களும் சருகுமான்களும் அந்தப் புல்லுக்குள்தான் குட்டி போட்டு வளர்த்தன.

அந்தக் காட்டுக்குத் தலைவி பெரியநாச்சி என்ற யானை. அது நியாயம் தெரிந்த யானை. ஒரு முயலின் காலில் முள் குத்தினால்கூட நேரில் போய் விசாரிக்கும். ஆனால் யாராவது அழுவதைப் பார்த்தால் அதனால் பொறுக்க முடியாது. அந்த நிமிடமே ஏதாவது செய்துவிட வேண்டும் என்று துடிக்கும்.

ஓர் ஐப்பசி மாதம் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் மேடு உடைந்தது. வெள்ளம் பள்ளத்துக்குள் பாய்ந்தது. எல்லா விலங்குகளும் ஓடித் தப்பின. சருகி என்ற சருகுமானின் குட்டி மட்டும் தப்பவில்லை. அது பிறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

பெரியநாச்சியும் அதன் கூட்டமும் கல்லும் மண்ணும் சுமந்து வந்து உடைப்பை அடைத்தன. ஒன்பது நாள் வேலை அது. வேலை செய்யும்போது மேட்டுக்குள் நிறைய வளைகள் இருப்பதைப் பெரியநாச்சி பார்த்தது. உடைப்புக்குக் காரணம் அந்த வளைகள்தான் என்று அதற்குப் புரிந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் மாலை எல்லா விலங்குகளும் கூடின. சருகி நடுவில் வந்து நின்றது.

"மண்ணைத் தோண்டித் தோண்டித்தானே என் குட்டியைக் கொன்றீர்கள்? இனிமேல் ஒருவர்கூடத் தோண்டக்கூடாது" என்று சொல்லி அழுதது.

பெரியநாச்சியின் கண்ணிலும் நீர் வந்தது. அங்கேயே, அப்போதே சட்டம் சொன்னது.

"இனி ஏரிக்கரையில் யாரும் மண்ணைத் தோண்டக்கூடாது. தோண்டுபவர் இந்தக் காட்டை விட்டே போய்விட வேண்டும்."

எல்லா விலங்குகளும் சரி என்று தலையாட்டின. கூட்டத்தின் ஓரத்தில் இருந்த கொடுக்கன் ஏதோ சொல்ல வாயெடுத்தது. பக்கத்தில் இருந்த காட்டுப்பன்றி அதை முறைத்தது. "வளைக்குள் குடியிருக்கிற நீ பேசாதே" என்றது. நண்டு வாயை மூடிக்கொண்டது.

காட்டில் செய்தி சொல்லும் வேலை மஞ்சமூக்கி என்ற மைனாவுக்கு. அது பறந்து போய் பொழுது சாய்வதற்குள் மூன்று குன்றுகளிலும் சட்டத்தைக் கூவிவிட்டது.

மடுவாச்சி ஏரியின் மேற்கு ஓரத்தில் அதைக் கேட்டது. கேட்டதும் அதன் வயிறு கனத்தது. ஏனென்றால் அந்த வயிற்றுக்குள் பதினான்கு முட்டைகள் இருந்தன.

மேற்கு ஓரத்தில் ஒரு மணல் திட்டு உண்டு. ஒவ்வொரு கார்த்திகையிலும் அங்கேதான் மடுவாச்சி குழி தோண்டி முட்டையிடும். அந்தத் திட்டுக்கும் கிழக்கு மேட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. நடுவே ஏரி முழுவதும் கிடக்கிறது. ஆனாலும் அதுவும் கரைதானே என்று மடுவாச்சி யோசித்தது.

மறுநாள் மஞ்சமூக்கி தண்ணீர் குடிக்க வந்தபோது மடுவாச்சி கேட்டது. "மஞ்சமூக்கி, தலைவி கரை என்று சொன்னது மேட்டை மட்டுமா? இந்த மணலும் அதில் சேர்த்தியா?"

"கரை என்றுதான் எனக்குச் சொன்னார்கள். கரை என்றுதான் நான் சொன்னேன். அதற்கு அர்த்தம் சொல்வது என் வேலை இல்லை" என்றது மைனா.

"யாரைக் கேட்டால் தெரியும்?"

"தெரியாது. ஆனால் நீ தோண்டுவதை நான் பார்த்தால் போய்ச் சொல்லத்தான் வேண்டும். என்மேல் வருத்தப்படாதே."

மடுவாச்சி யாரோடும் வம்புக்குப் போகாத ஆமை. சட்டம் என்றால் சட்டம் என்று நினைத்தது. ஏரியை விட்டு வெளியேறி வடக்குக் குன்றை நோக்கி நடந்தது. மூன்று நாள் நடந்தது. குன்றின் அடிவாரம் முழுக்க ஒரே பாறை. நகத்தால் கீறிப் பார்த்தது. கீறலே விழவில்லை. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் அதற்கு மேல் தாங்க முடியாமல், ஒரு காரைப்புதரின் அடியில் சருகின் மேலேயே ஐந்து முட்டைகளை இட்டுவிட்டது.

மூட மண் இல்லை. வாயால் சருகை இழுத்து இழுத்துப் போட்டு மூடியது. காற்று அடித்தது. சருகு பறந்தது. இரண்டு காக்கைகள் வந்தன. ஆமையால் என்ன செய்ய முடியும்? தன் கண் முன்னாலேயே ஐந்தும் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. மிச்சம் ஒன்பதையும் வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டு மறுபடியும் மூன்று நாள் நடந்து ஏரிக்குத் திரும்பியது.

அது வந்து சேர்ந்தபோது கொடுக்கன் கிழக்கு மேட்டின் ஓரத்தில் கவலையோடு உட்கார்ந்திருந்தது.

"எங்கே அக்கா போயிருந்தாய்? முகமே சரியில்லையே" என்று நண்டு கேட்டது.

மடுவாச்சி நடந்ததைச் சொன்னது. நண்டு அதன் அருகே நகர்ந்து வந்தது.

பிறகு மெல்லச் சொன்னது. "உன் துக்கத்தோடு என் பயத்தையும் சொல்கிறேன், கேள். இந்த மேடு மறுபடியும் கசிகிறது."

"அடைத்துவிட்டார்களே?"

"உடைந்த இடத்தை அடைத்தார்கள். மேட்டின் தெற்கு மூலையில் பெருச்சாளிகள் எப்போதோ தோண்டிவிட்டுப் போன பழைய வளை ஒன்று இருக்கிறது. குடியிருப்பவன் உள்ள வளையை அவனே பூசி மெழுகிக் காப்பான். ஆள் இல்லாத வளைதான் ஆபத்து. சட்டம் புதிதாகத் தோண்டுவதைத்தான் தடுக்கிறது. பழையதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை."

"நீ அடைத்துவிடலாமே?"

"அடைப்பதற்கு முதலில் உள்ளே இருக்கும் பொலபொல மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டும் அக்கா. தோண்டினால் காட்டை விட்டுப் போக வேண்டும். அதனால்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்."

மடுவாச்சி மேட்டின் மேல் ஏறிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தது. புல் மறுபடியும் தழைத்திருந்தது. முயல் குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன. அவற்றின் அருகே சருகி தனியாகப் படுத்திருந்தது. மேற்கு வானத்தில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"வா, தலைவியிடம் போவோம்" என்றது ஆமை.

"ஐயோ, நானா? என்னைப் பார்த்தாலே நீதானே குற்றவாளி என்பார்கள்."

"நீ என்னோடு வந்து நின்றால் போதும். நான் பேசுகிறேன்."

பெரியநாச்சி ஆலமரத்தடியில் நின்றிருந்தது. மடுவாச்சி அதன் முன்னால் போய்க் கழுத்தை நீட்டி நின்றது. சுற்றி வளைக்காமல் முதலில் கசிவைச் சொன்னது. அடைக்க முடியாமல் நண்டு தவிப்பதைச் சொன்னது. தன் முட்டைகளைப் பற்றிச் சொல்லவில்லை.

யானையின் காது விறைத்தது. "அழுதுகொண்டிருந்த தாயைப் பார்த்து நான் செய்த சட்டம் அது. அதில் குறை சொல்கிறாயா?"

"குறை சொல்ல வரவில்லை நாச்சியம்மா. அந்தச் சட்டம் எதைக் காக்கப் பிறந்ததோ அதைக் காக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கொடுக்கனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அம்மா, அக்கா தன் கதையைச் சொல்லவே இல்லை. நான் சொல்கிறேன்" என்று ஆரம்பித்து, மணல் திட்டு, பாறை, காக்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பெரியநாச்சி அசையாமல் நின்றது. அதன் விறைத்த காதுகள் தளர்ந்து தொங்கின.

"மேற்கு மணலா? நான் அதை நினைக்கவே இல்லையே. என் மனதில் இருந்தது கிழக்கு மேடு மட்டும்தான்."

"உங்கள் மனதில் இருந்தது மேடு. எங்கள் காதில் விழுந்தது கரை" என்றது மடுவாச்சி.

யானை உடனே மேட்டை நோக்கி நடந்தது. தெற்கு மூலையில் தும்பிக்கையின் நுனியை மண்ணில் வைத்துப் பார்த்தது. ஈரம். முகர்ந்தது. ஏரியின் பாசி வாசனை.

"கொடுக்கா, தோண்டு."

நண்டு தயங்கியது. "சட்டம் அம்மா?"

"சட்டம் நான் போட்டது. அதில் உள்ள ஓட்டையும் நான் போட்டதுதான். பழி வந்தால் என் தலையில் வரட்டும். நீ தோண்டு."

தூறல் விழத் தொடங்கியது. கொடுக்கன் வளைக்குள் நுழைந்து பொலபொல மண்ணை வாரி வாரி வெளியே தள்ளியது. தள்ளத் தள்ளத் தண்ணீர் நூலாக வந்தது, பிறகு கயிறாக வந்தது. யானை பச்சைக் களிமண்ணைத் திணித்தது. தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போனது.

"ஏரிப் பக்கம் இருக்கிற வாயை அடைத்தால்தான் களிமண் நிற்கும்" என்று உள்ளே இருந்து நண்டு கத்தியது.

மடுவாச்சி தண்ணீருக்குள் பாய்ந்தது. கலங்கிய நீரில் கண் தெரியவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போனது. வளையின் வாய் கிடைத்தது. தன் முதுகை அந்த வாயில் வைத்து அழுத்திக்கொண்டது. இழுப்பு நின்றது. வயிற்றில் ஒன்பது முட்டைகளோடு அது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டும்போது மட்டும் மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு உடனே திரும்பிப் போனது.

அந்தப் பக்கம் யானை களிமண்ணைத் திணித்தது. கல்லை வைத்தது. காலால் மிதித்து இறுக்கியது. சத்தம் கேட்டுச் சருகி ஓடி வந்தது. என்ன நடக்கிறது என்று புரிந்ததும் அதுவும் புல்லை வாயால் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து கொடுத்தது. மாலைக்குள் வளை அடைபட்டது.

பிறகுதான் பெருமழை வந்தது. மூன்று நாள் கொட்டியது. ஏரி மேட்டின் விளிம்புவரை நிறைந்து தளும்பியது. பள்ளத்தில் இருந்த விலங்குகள் காதை விடைத்துக்கொண்டு காத்திருந்தன. மேடு நின்றது.

மழை ஓய்ந்த காலையில் பெரியநாச்சி எல்லாரையும் கூட்டியது.

"மேட்டில் இருந்த ஓட்டையைக் கொடுக்கன் கண்டுபிடித்தது. என் சட்டத்தில் இருந்த ஓட்டையை மடுவாச்சி கண்டுபிடித்தது. நான் அவசரப்பட்டேன். யாரையும் கேட்கவில்லை. பேச வந்த நண்டின் வாயை இந்தக் கூட்டம் அடைத்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டம் இன்றோடு போயிற்று" என்றது.

பிறகு மடுவாச்சியின் முன்னால் முன்னங்காலை மடக்கித் தலையைத் தாழ்த்தியது. "போன ஐந்தையும் என்னால் திருப்பித் தர முடியாது. மன்னித்துக்கொள்."

"வேண்டுமென்று செய்யவில்லையே நாச்சியம்மா. மிச்சம் ஒன்பது இருக்கிறது. அதற்கு இடம் கொடுங்கள், போதும்" என்றது ஆமை.

புதுச் சட்டத்தை அன்று எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். கிழக்கு மேட்டில் புதிதாக வளை தோண்டக்கூடாது. ஆள் இல்லாத வளையைக் கண்டவர் உடனே சொல்ல வேண்டும். அடைப்பதற்காகத் தோண்டினால் அது குற்றம் இல்லை. ஏற்கெனவே மேட்டில் குடியிருப்பவர்கள் மழைக்கு முன் தங்கள் வளையைப் பூசிக் காட்ட வேண்டும். மேற்கு மணலில் முட்டையிடுபவருக்குத் தடை இல்லை. பழைய சட்டத்தைவிட இது நீளம்தான். மஞ்சமூக்கி மூன்று முறை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டது.

கூட்டம் கலைந்த பிறகு சருகி ஆமையிடம் வந்தது.

"அக்கா, அந்தச் சட்டம் வேண்டும் என்று எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியது நான்தான். என் குட்டி போன வேதனையில் கேட்டேன். அது உன் குஞ்சுகளைக் கொண்டுபோகும் என்று தெரியாது."

"தெரியாது என்று எனக்குத் தெரியும்" என்றது மடுவாச்சி.

"நீ அன்றைக்குப் போய்ப் பேசாமல் இருந்திருந்தால் இந்த முயல் குட்டிகளும் போயிருக்கும். நானும் போயிருப்பேன். எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை."

"கொடுக்கனுக்குச் சொல். எனக்காக வாய் திறந்தது அதுதான்."

சருகி நண்டிடம் போய்ச் சொன்னது. அந்த நண்டுக்கு இதற்கு முன் யாரும் நன்றி சொன்னதில்லை. அது என்ன செய்வதென்று தெரியாமல் பக்கவாட்டில் ஓடித் தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டது.

மார்கழியில் மடுவாச்சி மேற்கு மணலில் ஒன்பது முட்டைகளை இட்டது. குஞ்சு பொரியும்வரை அந்தப் பக்கம் எந்த யானையும் கால் வைக்காமல் பெரியநாச்சி பார்த்துக்கொண்டது. மாசி முடிவில் ஒன்பதில் எட்டு பொரிந்தன. எட்டும் வரிசையாக மணலில் இறங்கித் தண்ணீருக்குள் போயின.

அந்த வருடம் கோடை சீக்கிரமே வந்துவிட்டது. ஏரி பாதியாக வற்றியது. இருந்த தண்ணீரும் கலங்கிச் சேறாகியது. குடிக்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். பெரியநாச்சிக்கு மறுபடியும் மனம் துடித்தது. ஒரு சட்டம் வேண்டும் என்று நினைத்தது. மஞ்சமூக்கி சிறகை விரித்துத் தயாராக நின்றது.

"இரு, நீ இப்போது பறக்க வேண்டாம். முதலில் மடுவாச்சியைக் கூப்பிடு" என்றது யானை.

ஆமை வந்தது.

"கோடை முடியும்வரை ஏரிக்குள் யாரும் இறங்கக்கூடாது, ஓரத்தில் நின்றே குடிக்க வேண்டும். இப்படி ஒரு சட்டம் போடலாம் என்று நினைக்கிறேன். இன்னும் போடவில்லை. நீ ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி இதை எல்லாரிடமும் சொல்லு. அவரவர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வா."

"நான் போனால் ஒரு நாழிகையில் முடியுமே" என்றது மஞ்சமூக்கி.

"நீ சொல்லிவிட்டுப் பறந்துவிடுவாய். இவள் நடக்கிற வேகத்துக்கு, கேட்டவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்" என்றது யானை.

மடுவாச்சி இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது.

"மீன்கள் கேட்கின்றன, நாங்கள் ஏரிக்குள்ளேதானே இருக்கிறோம், இறங்காமல் எங்கே போவது என்று."

யானை சிரித்துவிட்டது. "சரிதான். அப்புறம்?"

"தண்ணீர் வற்றியதால் ஓரம் முழுக்கச் சேறு. சருகிக்குக் கழுத்துக் குட்டை. ஓரத்தில் நின்றால் அதற்கு எட்டாது. எட்டிக் குனிந்தால் கால் புதையும். தெற்குப் பக்கம் பாறை இருக்கிறது, அந்த வழியாக இறங்க விட்டால் போதும் என்கிறது."

"நல்ல யோசனை. அப்புறம்?"

ஆமை கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது. "இன்னொன்று இருக்கிறது. கோபித்துக்கொள்ளக் கூடாது."

"சொல்."

"ஏரி கலங்குவது யார் இறங்குவதால் என்று கொடுக்கன் பத்து நாள் அடியில் இருந்து பார்த்திருக்கிறது. முயலாலும் மானாலும் கலங்கவில்லை. யானைகளும் எருமைகளும் படுத்துப் புரள்வதால்தான் கலங்குகிறது."

பெரியநாச்சி ஏரியைத் திரும்பிப் பார்த்தது. கோடையில் சேற்றில் புரள்வது அதற்கு எவ்வளவு பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு பெருமூச்சு விட்டது.

"வடக்குக் குன்றுக்கு அப்பால் ஓடை மடு ஒன்று இருக்கிறது. அரை நாள் நடை. குளிக்க நாங்கள் அங்கே போகிறோம்."

அப்படியே சட்டம் பிறந்தது. பெரிய உடம்புக்காரர்கள் கோடை முடியும்வரை ஏரியில் புரளக்கூடாது, தெற்குப் பாறை வழியாக எல்லாரும் இறங்கிக் குடிக்கலாம் என்று மஞ்சமூக்கி மூன்று குன்றுகளிலும் கூவியது. எட்டாம் நாள் ஏரி தெளிந்தது. அந்தக் கோடையில் யாருடைய காலும் சேற்றில் சிக்கவில்லை. கூட்டத்தில் வந்து நின்று அழுதவர் யாரும் இல்லை.

முதல் மழை விழுந்த அன்று பெரியநாச்சி ஏரி ஓரத்துக்கு வந்தது. மடுவாச்சியும் கொடுக்கனும் ஈர மணலில் இருந்தன.

"உங்கள் இருவருக்கும் நன்றி சொல்ல வந்தேன்" என்றது யானை.

"எதற்கு நாச்சியம்மா? இந்தக் கோடையில் ஒன்றுமே நடக்கவில்லையே" என்றது ஆமை.

"அதற்குத்தான். வெள்ளத்தில் இருந்து காப்பாற்றினால் ஊரே நன்றி சொல்லும். வராமலே போன துன்பத்துக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், அது வர இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்கிறேன்."

மடுவாச்சி கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தியது. கொடுக்கன் இந்த முறை ஓடி ஒளியவில்லை. இரண்டு கொடுக்குகளையும் சேர்த்துக் கும்பிட்டது.

ஒரு சட்டம் யார் தலையில் விழுமோ அவர்களை அது பிறக்கும் முன்பே கேட்பது அறிவு, பிறந்த பின் பிழை தெரிந்தால் திருத்துவது பெருமை, எடுத்துச் சொன்னவருக்கு நன்றி சொல்வது எல்லாவற்றிலும் உயர்ந்தது.